பேஸ்புக்கில மட்டும் சைவம்

இந்தச் சித்திரை வருசப்பிறப்போட நான் நண்டு சாப்பிடுறத விட்டுட்டன். பேஸ்புக்கில.

வீட்டில விடுற யோசினை எனக்கு இல்ல. வாவி நண்டுக்கு முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பால் வத்த வத்த என்ட மனிசி தவராணி ஒரு கறி வெப்பாள். அதச் சாப்பிடாம இரிக்கிறவனுக்கு மட்டக்களப்பில என்ன வேலை எண்டு கேக்கிற ஆள் நான். ஆனா வெளியில ஆரும் கேட்டா நான் சுத்த சைவம். அதுவும் மூண்டு வருசமாச் சைவம். இத நான் எழுதிப் போட்டது திங்கக்கிழமை காலமை எட்டு மணிக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் சப்பிப் போட்ட நண்டோட்ட அப்பவும் வளவு மூலையில காகம் கொத்திக்கொண்டு நிண்டிச்சு.

ஏன் இந்தப் பொய் எண்டு கேப்பீங்க. என்ட இடத்தில நீங்க இருந்திருந்தா இதவிடப் பெரிய பொய்யாச் சொல்லியிருப்பீங்க. கேளுங்க.

என்ட பேர் சுதாகரன். வயசு அம்பத்திமூண்டு. இந்தப் பேர உங்களுக்குத்தான் சொல்லுறன், நான் இரிக்கிற ஊரில ஒருத்தருக்கும் தெரியாது. நான் பிறந்தது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில, வெல்லாவெளிக்குக் கிட்ட. எங்கட வழக்கப்படி கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொம்புள வீட்டுக்குப் போய் இரிக்கணும். நானும் இருவத்தேழு வருசத்துக்கு முன்ன ஒரு சூட்கேசோட வாவியக் கடந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன். வீடு தவராணிட. கிணறு தவராணிட. மாமரம் தவராணிட. நான் கொண்டு வந்த சூட்கேச வெச்ச அலுமாரியும் தவராணிட. சைக்கிள் சாமான் கடை ஒண்டு நடத்துறன், அதில தொங்குற போர்ட்டில மாமனார்ட பேர். "தவராணிட வீட்டுக்காரர் எங்க?" எண்டு கேட்டா ஊரில சின்னப் புள்ளையும் வழி காட்டும். சுதாகரன் எங்க எண்டு கேட்டா, "அப்பிடி ஒராள் இஞ்ச இல்லையே" எண்டு திருப்பி அனுப்புவாங்க. ஒருக்கா என்ட பேருக்கு வந்த கடிதத்தத் தபால் கந்தோரில வாங்கப் போனன். நான்தான் நான் எண்டு சொல்லுறதுக்குத் தவராணியக் கூட்டிக்கொண்டு போகவேண்டி வந்திச்சு.

ஒண்டே ஒண்டுதான் என்ட சொந்தம். அது குடி. போத்தல நினைக்காதீங்க, நான் சொல்லுறது தாய்வழி வாற வம்சத்த. அம்மாட குடிதான் புள்ளைக்கு. அத ஒருத்தராலயும் பறிக்கேலாது. நான் பிறந்த ஊர்க் கண்ணகி அம்மன் கோயில்ல ஒவ்வொரு குடிக்கும் ஒரு வண்ணக்கர் இரிப்பார். கோயில் நிருவாகம் அவர்ட கையில. வைகாசிச் சடங்கு நேரம் வெள்ளைத் தலைப்பா கட்டிக்கொண்டு முன்னுக்கு நிப்பார். லவுட்ஸ்பீக்கரில பேர் சொல்லிக் கூப்பிட்டு வெத்திலை குடுப்பாங்க. சொந்தப் பேர் சொல்லி. என்ட பேர நான் லவுட்ஸ்பீக்கரில கேட்டது வாழ்க்கையில ஒருக்காத்தான். "சுதாகரன் என்பவர் வாசலை மறித்து நிற்கும் சைக்கிளை உடனடியாக அகற்றவும்."

எங்கட குடி வண்ணக்கர் பங்குனியில சுவிசில இரிக்கிற மகளோட இருக்கப் போயிட்டார். இடம் காலி. சித்திரை கடைசி ஞாயிறு குடிக் கூட்டம், புது ஆளத் தெரிவு செய்யிறதுக்கு. அந்த இடம் எனக்கு வேணும். வேற ஒண்டும் வேணாம், அது மட்டும் வேணும். என்ட பேர நாலு பேர் கூப்பிட்டுக் கேக்கிறதுக்கு எனக்கு அவ்வளவு ஆசை.

சிக்கல் எங்க எண்டா, ஊராக்கள் என்னக் கண்ணால காணுறது ஆண்டுக்கு ஒருக்கா, சடங்கிலதான். மத்த முந்நூத்திச் சொச்ச நாளும் அவங்க காணுற சுதாகரன் பேஸ்புக்கில இரிக்கிற சுதாகரன். அவன் ஆரு எண்டு நான் ஒருக்காப் போய்ப் பாத்தன். பாத்தாப் பயமா இருந்திச்சு. பதினொரு வருசத்துப் படம். பாசிக்குடாக் கடலில முழங்கால் தண்ணிக்க நிக்கிறான், கையில போத்தல். அலோசியஸ் வீட்டுக் கலியாணத்தில பைலாப் பாட்டுக்குச் சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு ஆடுறான். மிச்சமெல்லாம் நண்டு. சட்டியில நண்டு, இலையில நண்டு, வாயில நண்டு. எண்ணிப் பாத்தன், என்ட மூஞ்சைய விட நண்டுட மூஞ்சை ஆறு கூட.

அண்டைக்கே அழிக்கத் தொடங்கினன். தவராணி தேத்தண்ணியோட வந்து பின்னுக்கு நிண்டாள்.

"இஞ்சாருங்க, காலமையில இருந்து போனத் தடவிக்கொண்டு இரிக்கீங்க. கடை திறக்கல்லையா?"

"சும்மா இரி புள்ள. நான் என்ட பிம்பத்தச் சுத்தம் பண்ணுறன்."

"எதச் சுத்தம் பண்ணுறீங்க?"

"பிம்பம். ஊருக்கு நம்மளப் பத்தி இரிக்கிற படம்."

"குளியலறையச் சுத்தம் பண்ணச் சொல்லி ஒரு மாசமாச் சொல்லுறன்" எண்டாள். மறுகா பக்கத்தில ஒரு கதிரைய இழுத்துப் போட்டுக்கொண்டு குந்தினாள். "எங்க, காட்டுங்க. இத அழிங்க. இதயும் அழிங்க. இதில வயிறு தள்ளியிரிக்கு, சாமிக்காக அழிக்காட்டியும் எனக்காக அழிங்க."

விசயத்த நான் சொன்னன். வண்ணக்கர் இடம், குடிக் கூட்டம், எல்லாத்தையும். பகிடி பண்ணுவாள் எண்டு பாத்தா, பண்ணல்ல. ஒள்ளுப்பம் யோசிச்சாள். "நல்ல விசயம்தானே. நானும் உதவி செய்யிறன்" எண்டாள். இருவத்தேழு வருசத்தில நான் சொன்ன ஒண்ட அவள் நல்ல விசயம் எண்டது அதுதான் முதல் தரம். நான் அங்கேயே உசாராகியிருக்கணும். ஆகல்ல.

முதல் உதவி அண்டு மத்தியானமே வந்திச்சு. இலையில கீரைச் சுண்டலும் பூசணியும் பருப்பும்.

"மீன் எங்க புள்ள?"

"மூண்டு வருசமாச் சைவம் எண்டு போட்டிரிக்கீங்களே."

"அது வெளியாக்களுக்கு."

"வெளியாக்களுக்கு மூக்கு இல்லையா? பக்கத்து வீட்டுக் கனகம் மாமி மூண்டாம் வளவில ஆரும் நெத்தலி பொரிச்சா இஞ்ச இருந்து என்ன மீன் எண்டு சொல்லுவா. அவட தங்கச்சி முடிச்சது உங்கட ஊரில. இஞ்ச நண்டு கொதிச்சா அங்க பேர் கொதிக்கும். உங்கட பிம்பத்துக்குத்தான் சொல்லுறன்."

பூசணியப் படம் எடுத்துப் போட்டன். அறுவத்திநாலு லைக். ஒராள் கனடாவில இருந்து "அண்ணன், உங்கட மனவுறுதிய வணங்குறன்" எண்டு எழுதியிருந்தார். அந்த நேரம் பூசணி கூட ருசியாத்தான் இருந்திச்சு.

அடுத்தது பேர். சுதாகரன் எண்டு வெறும் பேரா இருந்தத, "அம்மன் அடியான் சுதாகரன்" எண்டு மாத்தினன்.

"மாத்தினா அறுவது நாளைக்குத் திருப்பி மாத்தேலாதாம், தெரியுமா?" எண்டாள் தவராணி.

"நான் ஏன் திருப்பி மாத்துறன்?"

"சும்மா சொன்னன்."

அதுக்குப் பிறகு புரொபைல் படம். கோயில் வாசல் கூட்டுற மாதிரி ஒண்டு எடுக்கணும் எண்டு தீர்மானிச்சம். எங்கட றோட்டு முனையில இரிக்கிற பிள்ளையார் கோயிலுக்கு விளக்குமாத்தோட போனம். வேட்டி, விபூதி, தோளில துண்டு. தவராணி போனப் பிடிச்சாள்.

"ஒள்ளுப்பம் குனியுங்க. இன்னும். இப்பக் கூட்டுங்க."

"கூட்டுற மாதிரித்தானே நிக்கிறன்?"

"மாதிரி நிண்டா மாதிரித்தான் தெரியும். உண்மையாக் கூட்டுங்க. வெளிச்சம் வரட்டும், எடுக்கிறன்."

வெளிச்சம் வந்து சேரக்குள்ள வாசல் முடிஞ்சு, வெளிவீதி முடிஞ்சு, அரசமரத்தடியும் முடிஞ்சிட்டு. ஐயர் வந்து, "தம்பி, தினமும் வாங்க" எண்டார். படம் நல்லா வந்திச்சு. முதுகுதான் நாலு நாளாப் பிடிச்சுக்கொண்டு நிண்டிச்சு. வீட்டு முத்தத்தையும் ஒருக்காக் கூட்டிப் பாருங்க, கை பழகும் எண்டு தவராணி சொன்னாள். அதுவும் பழகினன்.

பதினோராம் நாள் என்னால ஏலாமப் போயிட்டு. கனவில நண்டு வந்து, "என்ன சுதாகரன், மறந்துட்டீங்களா?" எண்டு கேட்டிச்சு. அதுவாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிச்சே எண்டு எனக்குக் கண் கலங்கிட்டு. ஞாயித்துக்கிழமை கடைக்குச் சாமான் எடுக்கிற எண்டு சொல்லிப்போட்டு மட்டக்களப்பு டவுனுக்கு பஸ் ஏறினன். அங்க அலோசியஸ் இரிக்கான். பறங்கி ஆள், மோட்டார்சைக்கிள் கறாஜ் வெச்சிரிக்கான், முப்பது வருசக் கூட்டாளி. அவன்ட மனிசி பேர்னிஸ் அக்கா நண்டு வெச்சா வாவியில இரிக்கிற மிச்ச நண்டெல்லாம் பொறாமைப்படும்.

"நீ சைவமெண்டு போட்டிரிக்காய், மச்சான்" எண்டான் அலோசியஸ்.

"அது பேஸ்புக். இது வயிறு. ரெண்டுக்கும் சம்பந்தமில்ல."

"ஆண்டவருக்கு ரெண்டு கணக்கும் தெரியும்."

"அம்மனுக்கு மீன் தின்னுறவனையும் பிடிக்கும். நான் குடியாக்களுக்குத்தான் பயம். நீ அந்தப் பெரிய நண்டுக் கால இஞ்சால தள்ளு."

கால உடைச்சு வாயில வெச்ச நேரம் பேர்னிஸ் அக்கா போனத் தூக்கிப் படம் எடுத்தா. எனக்கு உயிர் போயிட்டு. "ஐயோ அக்கா, எங்கயும் போட்டுராதீங்க."

"நான் எங்க போடுற? எனக்கு பேஸ்புக்கே இல்ல. நீ சாப்பிடுற வடிவப் பாத்து ஆசைக்கு எடுத்தன்" எண்டா.

உண்மைதான், அவவுக்கு பேஸ்புக் இல்ல. நிம்மதியா இன்னும் ரெண்டு கால் உடைச்சன். வரக்குள்ள சவுக்காரம் போட்டு மூண்டு தரம் கை கழுவி, தேசிக்காய் தேச்சு, பல்லும் விளக்கிக்கொண்டுதான் பஸ் ஏறினன். வீட்டில தவராணி ஒண்டும் கேக்கல்ல. "சாமான் கிடைச்சா?" எண்டு மட்டும் கேட்டாள். கிடைச்சது எண்டன். அடுத்த ஞாயிறும் சாமான் எடுக்கப் போனன்.

இதுக்கிடையில தவராணி பின்னேரங்களில என்ட அக்காவோட போனில கதைக்கத் தொடங்கினாள். அக்கா எங்கட ஊரில, அம்மாட வீட்டில இரிக்கா. அவட மகன் உதயரூபனுக்கு எங்கட மகள் விதுர்ஷாவ முடிக்கிறதாக் கதைச்சு வெச்சிரிக்கு, ஆவணியில கலியாணம். மச்சாளும் மச்சாளும் கலியாணக் கதை கதைக்கிறாங்களாக்கும் எண்டு நினைச்சன். ஒருக்காக் காதக் குடுத்தன். "ஓம் மச்சாள், குடியாக்கள் எல்லாருக்கும் சொல்லுங்க, இளையதம்பி அப்பாக்கும் சொல்லுங்க" எண்டு கேட்டிச்சு. இளையதம்பி அப்பாதான் எங்கட குடிக்கு மூத்தவர், கூட்டத்துக்குத் தலைமை. எனக்காக அங்க ஆள் பிடிக்கிறாள் எண்டு விளங்கிச்சு. அவளப் பத்தி நான் இவ்வளவு நாளாத் தப்பா நினைச்சிட்டனே எண்டு கவலைப்பட்டன். அடுத்த நாள் குளியலறையக் கழுவிக் குடுத்தன்.

கூட்டத்துக்கு ஒரு கிழமை இரிக்கக்குள்ள அவள் கேட்டாள்.

"இஞ்சாருங்க, வண்ணக்கர் வேலைக்கு வெத்திலை நீட்டினா உடனே வாங்கலாமா?"

"சீ. அது மரியாதை இல்ல. எனக்கு வேணாம், வேற பெரியாக்களப் பாருங்க எண்டு சொல்லணும். திருப்பியும் நீட்டுவாங்க. திருப்பியும் வேணாம் எண்டு சொல்லணும். மூண்டாம் தரம்தான் வாங்குற. ரெண்டு தரம் மறுக்காதவன ஆசை பிடிச்சவன் எண்டு சொல்லிருவாங்க."

"அப்ப நீங்க இப்பவே மறுத்தா என்ன?"

"எங்க?"

"பேஸ்புக்கில. அங்கதானே குடியாக்கள் முழுப்பேரும் இரிக்காங்க. சுவிஸ், கனடா, லண்டன், எல்லாரும். இவ்வளவு அடக்கமான மனிசனா எண்டு காலில விழுந்து தருவாங்க."

எனக்கு மேல் சிலிர்த்திச்சு. இப்பிடி ஒரு மூளைய நான் இருவத்தேழு வருசமாக் குசினிக்க வெச்சிருந்திரிக்கன். உடனே இருந்து எழுதினன். "பதவி என்பது பாரம். அதை நான் தேடியவன் அல்லன். என் தாய் கண்ணகியின் வாசலைக் கூட்டும் பாக்கியம் ஒன்றே இந்த அடியானுக்குப் போதும்." வாசிச்சுக் காட்டினன்.

"நல்லாத்தான் இரிக்கு. ஆனா உப்புக் குறைவு" எண்டாள்.

"என்ன செய்யணும்?"

"'தந்தாலும் ஏற்கமாட்டேன்' எண்டு ஒரு வரி போடுங்க."

"அது ஒள்ளுப்பம் கூடிப் போகாதா புள்ள?"

"ரெண்டு தரம் மறுக்கிறதுதானே வழக்கம்? ஒரே வரியில ரெண்டையும் முடிச்சிரலாம்."

போட்டன். விளக்குமாத்துப் படத்தையும் சேத்துப் போட்டன். பின்னேரம் வரக்குள்ள நானூத்தி முப்பத்தெட்டு லைக். என்ட வாழ்க்கையில நான் நானூத்தி முப்பத்தெட்டுப் பேரக் கண்டதே இல்ல. கொமெண்டுகள் வாசிச்சு வாசிச்சு எனக்கே என்னக் கும்பிடணும் போல இருந்திச்சு. அக்கா, "என்ட தம்பி தங்கம்" எண்டு எழுதியிருந்தா. அடுத்த நாள் கண்ணாடிக்கு முன்னால தலைப்பா கட்டிப் பழகினன்.

கூட்டத்தண்டு காலமையே வாவியக் கடந்து ஊருக்குப் போனன். தவராணி வரல்ல. அவள் வேற குடி, எங்கட குடிக் கூட்டத்துக்கு வரேலாது. கோயில் மடத்தில ஒரு அறுவது பேர். நான் முன் வரிசையில, அடக்கமாத் தலையக் குனிஞ்சுகொண்டு, வெத்திலைத் தட்டு எந்தப் பக்கத்தால வரும் எண்டு கடைக்கண்ணால பாத்துக்கொண்டு இருந்தன்.

இளையதம்பி அப்பா எழும்பினார். கையில ஒரு மட்டை. பாத்தா என்ட போஸ்ட். ஆரோ அச்செடுத்து, லமினேட் பண்ணிக் குடுத்திரிக்காங்க.

"நம்மட குடியில இப்பிடி ஒரு மனிசன் பிறந்திரிக்கான் எண்டு நமக்கே தெரியாமப் போச்சு" எண்டார். கண்ணாடியப் போட்டு முழுசா வாசிச்சார். "தந்தாலும் ஏற்கமாட்டேன்" எண்ட இடத்த ரெண்டு தரம் வாசிச்சார். பின்னுக்கு ரெண்டு பொம்புளைகள் மூக்கச் சீறினாங்க. எனக்கும் பெருமையில நெஞ்சு விம்மிச்சு.

"நானூத்தி முப்பத்தெட்டுப் பேர் சரியெண்டு பெருவிரலக் காட்டியிரிக்காங்க" எண்டார். "இதுக்கு மேல நாம கட்டாயப்படுத்தினாப் பாவம். அவர விட்டிருவம்."

எனக்கு முதல்ல விளங்கல்ல. விளங்கினதும் எழும்பினன். "அப்பா, அது வந்து, நான் ஒரு மரியாதைக்குத்தான்..."

"தம்பி, வாயால வேணாம் எண்டா மரியாதை. எழுதிக் குடுத்தா முடிவு" எண்டார் இளையதம்பி அப்பா.

அந்த நேரம் அக்கா எழும்பினா. "தம்பி துறவியாப் போனா என்ன? அவனுக்கு மருமகன் இல்லையா? நம்மட வழக்கத்தில மாமனுக்குப் பிறகு மருமகன்தானே? என்ட மகன் உதயரூபன் இரிக்கான்."

மடத்தில எல்லாத் தலையும் ஒண்டா ஆடிச்சு. ஒண்டா ஆடின வடிவிலயே எனக்கு விளங்கிட்டு, இது இண்டைக்கு ஆடப் பழகின தலை இல்ல. போனில பழகின தலை. நான் வாயத் திறந்தன். திறக்கக்குள்ள என்ட போன் டிங் எண்டிச்சு. வாட்ஸ்அப். தவராணி ஒரு படம் அனுப்பியிருந்தாள். அலோசியஸ் வீட்டு மேசை. என்ட வலது கையில நண்டுக் கால், இடது கையில போத்தல், வாயெல்லாம் குழம்பு. கீழ ஒரு வரி. "பேர்னிஸ் அக்கா அனுப்பினா. குடியாக்கள்ட குரூப்பில போடவா, வேணாமா?"

வாய மூடிக்கொண்டு குந்தினன்.

உதயரூபன முன்னுக்குக் கூப்பிட்டாங்க. இருவத்தொம்பது வயசு, வட்டையில வயல்வேலை செஞ்சு கறுத்த பொடியன். இளையதம்பி அப்பா வெத்திலை நீட்டினார். "எனக்கு வேணாம், பெரியாக்கள் இரிக்காங்க" எண்டான். திருப்பி நீட்டினார். வேணாம் எண்டான். மூண்டாம் தரம் கும்பிட்டு வாங்கினான். வாயால மட்டும்தான் மறுத்தான், ஒரு எழுத்து எழுதல்ல.

"மீன் மாமிசம் எப்பிடிகா?" எண்டு ஒராள் கேட்டார்.

"சடங்குக்குக் கதவு திறந்து, கடைசி நாள் குளுத்தி முடியும் மட்டும் தொடமாட்டன். மத்த நாளில சாப்பிடுவன்" எண்டான் உதயரூபன்.

"ஓம், அதுதானே முறை" எண்டாங்க எல்லாரும். அப்பிடி ஒரு முறை இரிக்கிறத எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல. நானும் கேக்கல்ல. அப்ப நாலு கிழமையா நான் பூசணி சாப்பிட்டது ஆருக்காக?

கூட்டம் முடியிற நேரம் இளையதம்பி அப்பா இன்னொரு தீர்மானம் கொண்டு வந்தார். "அம்மன்ட வாசலைக் கூட்டினாலே போதும் எண்டு நம்மட அடியான் ஆசைப்பட்டு எழுதியிரிக்கார். அந்த ஆசையையாவது நாம நிறைவேத்தணும்." ஏகமனதா நிறைவேறிச்சு. சடங்கு எட்டு நாளும் வாசல் என்ட பொறுப்பு. புது விளக்குமாறு ஒண்டும் குடுத்தாங்க. லவுட்ஸ்பீக்கர் போடல்ல.

வீட்டுக்கு வந்ததும் விளக்குமாத்தச் சுவரில சாத்திப்போட்டுக் கத்தினன். "நீதானே புள்ள எழுதச் சொன்னாய்!"

"ஓம்."

"உப்புக் குறைவு எண்டு ஒரு வரி கூட்டினதும் நீதானே?"

"ஓம். இரிங்க, தேத்தண்ணி ஊத்துறன்."

"ஏன் இப்பிடிச் செஞ்சாய்?"

அவள் ஆறுதலாக் குந்தினாள். "உங்களுக்கு அம்பத்திமூண்டு. உதயனுக்கு இருவத்தொம்பது. நீங்க நிண்டாப் பதினைஞ்சு வருசம். அவன் நிண்டா நாப்பது வருசம். ஆவணிக்குப் பிறகு அவன் எங்க வந்து இரிப்பான்? இந்த வீட்டில. என்ட மகளக் காணுறவன் வண்ணக்கர்ட பொஞ்சாதி எண்டு எழும்பி நிப்பான். நீங்க வண்ணக்கரானா உங்கட குடிக்குப் பேர். என்ட மகளுக்கு அதில என்ன?"

"நான் உன்ட புருசன்."

"ஓம், அதாலதான் உங்கட உசிரையும் பாத்தன். டொக்டர் ரெண்டு வருசமா நண்ட விடச் சொன்னார். நான் கெஞ்சினன், மகள் கெஞ்சினாள். கேட்டீங்களா? நானூத்தி முப்பத்தெட்டுப் பேர் வந்து சொல்லித்தானே கேட்டிரிக்கீங்க. அதிலயும் ரெண்டு ஞாயிறு களவு."

எனக்கு அழுகை வந்திச்சு. உண்மையாத்தான். "ஒரே ஒருக்கா என்ட பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க எண்டு ஆசைப்பட்டன் புள்ள" எண்டன்.

தவராணி தேத்தண்ணியக் கிட்டத் தள்ளி வெச்சாள். "சீனி போடல்ல, டொக்டர் அதுக்கும் சொல்லியிரிக்கார்" எண்டாள்.

அடுத்த ஞாயிறு எங்கட வீட்டில புது வண்ணக்கருக்கு விருந்து. சடங்குக்குக் கதவு திறக்க இன்னும் பத்து நாள் இருந்திச்சு, அதால ஒருத்தருக்கும் தடையில்ல. அக்கா வந்தா. இளையதம்பி அப்பா வந்தார். அலோசியசும் பேர்னிஸ் அக்காவும் டவுனில இருந்து ஒரு பெரிய சட்டியோட வந்தாங்க. தவராணி இன்னொரு சட்டி இறக்கினாள். முருங்கையிலை மணத்துக்குக் கனகம் மாமி கூப்பிடாமலே வந்து குந்தினா. நான் யன்னலச் சாத்தப் போனன். "ஏன் சாத்துறீங்க? வண்ணக்கர் ஒண்டும் மறைச்சுச் சாப்பிடுறல்ல" எண்டாள் தவராணி.

எனக்கு ஒரு ஓரத்தில தனி இலை. கீரை, பருப்பு, பூசணி. கையக் கொஞ்சம் நீட்டிப் பாத்தன். கனகம் மாமி திரும்பிப் பாத்தா. இழுத்துக்கொண்டன். இளையதம்பி அப்பா ஒரு காலக் கடிச்சு உறிஞ்சிக்கொண்டே, "உன்னப் பாத்தாப் பொறாமையா இரிக்கு தம்பி. எங்களால இப்பிடி ஏலாது" எண்டார். எல்லாரும் ஓம் எண்டாங்க, வாயில நண்டோட.

அப்பத்தான் விதுர்ஷா சொன்னாள், புது வண்ணக்கர்ட படம் ஒண்டு பேஸ்புக்கில போடணும், இண்டைக்கே போட்டா நல்லம் எண்டு. உதயரூபன் நிமிர்ந்து இருந்தான். அக்கா அவன்ட தோளுக்குப் பக்கத்தில வந்தா. எல்லாரும் நெருங்கினாங்க. நானும் எழும்பி வேட்டியச் சரி பண்ணிக்கொண்டு, உதயரூபனுக்கு மற்றப் பக்கத்தில போய் நிண்டு, சிரிக்கத் தயாரானன்.

தவராணி மேசையச் சுத்தி எல்லாருடைய கையையும் ஒருக்காப் பாத்தாள். மறுகா என்னப் பாத்தாள்.

"இஞ்சாருங்க, நீங்க இஞ்சால வந்து போனப் பிடியுங்க. உங்கட கைதான் சுத்தமா இரிக்கு."